மூன்றில் ஒரு பங்கு எதன் பங்கு? சேலம், நாமக்கல் நகர நிதியில் நமக்கு நாமே விதியின் இடம்

நமக்கு நாமே திட்டத்தைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு முடிவு ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கைக் கட்டினால்தான் அரசு மீதியைத் தரும் என்பது விதி. அந்தப் பங்கைத் திரட்டும் வலு வசதியுள்ள தெருக்களுக்கே உண்டு. ஆகவே தேவை உள்ள இடத்துக்குப் போக வேண்டிய பணம் வசதி உள்ள இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. சேலத்தை வைத்துச் சொன்னால், பேர்லேண்ட்ஸும் அழகாபுரமும் பூங்கா பெறும், குகையும் தாதகாபட்டியும் காத்திருக்கும். திட்டம் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்தபோதும், 2011க்குப் பின் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தபோதும், 2021 டிசம்பரில் நகரங்களுக்கென்று சேலத்திலேயே மீண்டும் தொடங்கி வைக்கப்பட்டபோதும் இந்த விமர்சனம் பெரிய மாற்றமின்றித் தொடர்ந்து வந்திருக்கிறது.

இந்த வாசிப்பு முழுக்கத் தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அது விதியில் பாதியை மட்டும் படிக்கிறது என்று கருதுகிறேன். விடுபட்ட பாதியில்தான், நகரின் மனித நலச் சேவைகள் ஏன் எப்போதும் பந்தியில் கடைசி இலையாக இருக்கின்றன என்பதற்கான விடை இருக்கிறது.

விதி கேட்பது வெறும் 'மூன்றில் ஒரு பங்கு' அன்று. பணியின் மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கட்ட வேண்டும் என்கிறது. இதில் பின்னம் ஒன்று, அந்தப் பின்னம் எதன்மேல் நிற்கிறதோ அந்த அடித்தொகை ஒன்று. இருபத்தைந்து ஆண்டுக் கால விவாதம் பின்னத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது: மூன்றில் ஒன்று அதிகமா, ஏழைக் குடியிருப்புகளுக்குக் குறைக்கலாமா, பாதிக்கு மேல் கட்டுபவரே வேலையை எடுத்துச் செய்யலாம் என்ற சலுகை யாருக்குப் பயன்பட்டது. அடித்தொகையை யாரும் கேள்வி கேட்கவில்லை. அது பொறியியல் பிரிவின் சமாசாரம் என்று விட்டுவிட்டார்கள் போலும்.

அடித்தொகை எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். மாநகராட்சிப் பள்ளி ஒன்றுக்குக் கழிப்பறை கட்டித் தர முன்னாள் மாணவர் சங்கம் முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் மண்டல அலுவலகம் போகும். இளநிலைப் பொறியாளர் இடத்தை அளந்து, பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மதிப்பீடு போடுவார். வானம் தோண்டுதல், ஜல்லி கான்கிரீட், செங்கல் கட்டு, சிமென்ட் பூச்சு, ஓடு பதித்தல், பீங்கான், குழாய், செப்டிக் டேங்க். அடியில் ஜிஎஸ்டி, தொழிலாளர் நல நிதி, எதிர்பாராச் செலவு. மொத்தம் 9 லட்சம் என்று வந்தால் சங்கம் 3 லட்சத்துக்கு வரைவோலை எடுத்துத் தரும், அரசு 6 லட்சம் போடும். எதிர்பாராச் செலவுக்குக்கூட ஒரு வரி உண்டு. எல்லாரும் எதிர்பார்க்கும் செலவு ஒன்று இருக்கிறது, அதற்கு வரி கிடையாது: அந்தக் கழிப்பறையை நாள்தோறும் கழுவப் போகிறவரின் கூலி. கணக்குக்காக மாதம் 5,000 ரூபாய் என்று வைத்தாலும் ஐந்தாண்டுக்கு 3 லட்சம் ஆகிறது. சங்கம் கட்டிய தொகையும் அதே 3 லட்சம்தான். ஆனால் இந்த 3 லட்சத்தை அவர்கள் கொண்டு வந்து நீட்டினாலும் வாங்கிக்கொள்ள இந்த விதியில் இடமில்லை. மாதா மாதம் வரும் செலவுக்கு மதிப்பீடு போடும் வழக்கம் இல்லை. மதிப்பீடு இல்லாததற்கு மூன்றில் ஒரு பங்கும் இல்லை.

என் வாதம் இதுதான். இத்திட்டத்தில் நிதி ஒதுக்கீடு வார்டுகளுக்கிடையே நடப்பதாக நினைக்கிறோம். அது நடப்பதற்கு முன்பே கட்டடத்துக்கும் ஆளுக்கும் இடையே ஓர் ஒதுக்கீடு முடிந்துவிடுகிறது. சேலத்தின் 60 வார்டுகளும் அதற்குப் பின் மிஞ்சியதற்குத்தான் போட்டியிடுகின்றன.

இப்படிப் படித்தால் பழைய முடிவின் நிலவியலும் சற்றுத் தளர்கிறது. பங்குத் தொகை வார்டிலிருந்தே வர வேண்டும் என்பதில்லை. சேலம், நாமக்கல் பகுதியில் பொதுக் காரியத்துக்குப் பணம் தருபவர்கள் யார்? செவ்வாய்ப்பேட்டை மண்டி வணிகர், சேகோ ஆலைக்காரர், ராசிபுரம் பக்கத்து நெய் வியாபாரி, நாமக்கல்லின் கோழிப் பண்ணையாளரும் லாரி உரிமையாளரும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர். இவர்கள் தாம் குடியிருக்கும் தெருவுக்கு மட்டும் கொடுப்பதில்லை. படித்த பள்ளிக்குக் கொடுக்கிறார்கள், பாட்டனார் பெயர் நிற்கும் இடத்தில் கொடுக்கிறார்கள். அது பெரும்பாலும் ஏழைக் குழந்தைகள் படிக்கும் பள்ளிதான். எனவே ஏழை வார்டுக்குக் கட்டடம் கிடைக்கவே கிடைக்காது என்பது மிகைக் கூற்று. கட்டடம் வந்துவிடும். அதைத் திறந்து நடத்த ஆள் வர மாட்டார். பூட்டிய கழிப்பறையும் புத்தகம் எடுத்துக் கொடுக்க ஆளில்லாத படிப்பகமும் வறுமையின் அடையாளம் என்று எழுதப்பட்டிருக்கின்றன. அவை விதியின் விளைவு என்று படிப்பதே பொருத்தம்.

சேவைக்கு மதிப்பீடு போட இயலாது, அது முடிவில்லாத செலவு என்பார்கள். இந்த மறுப்பை மட்டும் நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் இதற்கு அரசின் ஆவணமே பதில் சொல்கிறது. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின்கீழ் வீடற்றோர் தங்குமிடங்களுக்கென 2013இல் வந்த வழிகாட்டு நெறிமுறை, 50 பேர் தங்கும் விடுதி ஒன்றை நடத்த ஆண்டுக்கு 6 லட்சம் என்று வரையறுத்தது. அதை ஐந்தாண்டுக்குத் தருவதாகவும் சொன்னது. மேலாளர், காவலர், மின்சாரம், படுக்கை என எல்லாம் அதற்குள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 33 ரூபாய். தொகை போதுமா என்பது வேறு வழக்கு. போதாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஐந்தாண்டுச் சேவைக்கு 30 லட்சம் என்று ஓர் அடித்தொகை எழுத முடிந்திருக்கிறது. 30 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு 10 லட்சம் என்பதைக் கணக்குப் போடப் பொறியாளர்கூடத் தேவையில்லை. நகராட்சி அமைப்புகள் தொண்டு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்துச் சேவைக்கெனப் பணம் கொடுக்கும் அரிய வழிகளில் இது ஒன்று. லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் என்ற கணக்கின்படி, 2011 கணக்கெடுப்பில் 8.29 லட்சம் மக்கள்தொகை கொண்ட சேலத்துக்கு எட்டு வேண்டும். ஐந்தாண்டுக்குப் பின் செலவைத் தாங்க வேண்டிய பொறுப்பு உள்ளூரின் தலையில் விழுகிறது. அந்த ஆறாம் ஆண்டில் உள்ளூர்க் கொடையாளரிடம் கையேந்த நமக்கு நாமே விதி மாநகராட்சியை விடுவதில்லை. இரண்டு ஆவணங்களையும் அருகருகே வைத்துப் படிக்காததால் இந்த முட்டுக்கட்டை கண்ணில் படாமல் போயிருக்கிறது.

கட்டடத்தின் பக்கம் சாயும் இந்தப் போக்கு ஒரு திட்டத்தோடு நிற்பதில்லை. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை பத்து லட்சத்துக்குக் குறைந்த நகரங்களுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என வரையறுக்கப்பட்டது. மீதி 40 விழுக்காடு நிபந்தனையற்றது என்று பெயர். அதிலும் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அமெரிக்காவில் 1974இல் தொடங்கிய சமூக வளர்ச்சித் தொகுப்பு மானியத்தில்கூட ஒரு நகரம் பொதுச் சேவைகளுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் செலவிட முடியாது. அங்கே குறைந்தபட்சம் அந்த 15க்காக யார் யார் மோதுகிறார்கள் என்பது வெளிப்படையாகத் தெரியும். இங்கே மோதுவதற்கே இடம் கிடையாது.

அம்மா உணவகத்தை எதிர்ச்சான்றாகக் காட்டலாம். 2013இல் சென்னையை அடுத்து சேலம் உள்ளிட்ட மாநகராட்சிகளுக்கு வந்தது. ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம், சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். முழுக்க முழுக்க நடத்தும் செலவு, அதையும் மாநகராட்சியின் வருவாய் நிதியே தாங்கியது. ஆனால் அது மேலிருந்து வந்த ஆணை. வந்த நாள் முதல் நிதிநிலைப் பேச்சில் அதற்குக் கிடைத்த பெயர் 'நஷ்டம்'. பூங்காவுக்கு யாரும் நஷ்டக் கணக்கு எழுதுவதில்லை. சொத்துவரியோடு சேர்த்து வசூலாகும் கல்வி வரியின் கதையும் வேறல்ல. ஆரம்பக் கல்வி நிதி என்று தனிக் கணக்கே இருக்கிறது. ஆசிரியர் சம்பளம் மாநில அரசின் பாடு என்பதால் அந்தக் கணக்கு வகுப்பறையாகவும் சுற்றுச்சுவராகவும் மாறுகிறது.

பொதுமக்கள் பங்கை ஒப்பந்ததாரரே கட்டிவிட்டு மதிப்பீட்டில் ஈடுகட்டிக்கொள்கிறார் என்ற குற்றச்சாட்டு பழையது. அது உண்மையாகும் இடத்தில் என் வாதத்துக்கு வலுதான் சேர்க்கும்: ஒப்பந்ததாரருக்கு ஆதாயம் கட்டடத்தில், துப்புரவாளர் கூலியில் இல்லை. எல்லா வார்டுகளின் கோப்புகளையும் ஒப்பிடாமல் இவ்வாறு பேசலாமா என்றால், நிறைவேறிய பணிகளை எத்தனை ஒப்பிட்டாலும் விண்ணப்பமாகவே உருவெடுக்காத சேவை அதில் தென்படப் போவதில்லை. இது சேலத்தோடு நிற்பதில்லை; 2024இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த நாமக்கல்லிலும் இதே விதிதான் செல்லும்.

கொடையாளர்கள் கல்வெட்டில் பெயர் பொறிக்க இடம் இருந்தால்தான் பணம் கொடுப்பார்கள், மாதச் சம்பளத்துக்கு யார் கொடுப்பார்கள் என்ற கேள்வியே பலரையும் வாயடைக்க வைக்கிறது. இந்த ஊர்களை அறிந்தவர்கள் இதைக் கேட்கக் கூடாது. 2002 முதல் அறநிலையத் துறைக் கோயில்களில் நடந்து வரும் அன்னதானத் திட்டத்தில், தாய் தந்தையின் நினைவு நாளுக்கோ பிள்ளையின் பிறந்த நாளுக்கோ சோறு போட ஒரு தொகையை வைப்பு நிதியாகக் கட்டுகிறார்கள். வட்டி ஆண்டுதோறும் அந்த நாளுக்குரிய அரிசி, பருப்பாக மாறுகிறது. கட்டளை என்னும் பழைய ஏற்பாட்டின் வழிவந்த வழக்கம் அது. வட்டி விகிதம் குறைந்தால் தொகை போதாமல் போகும், அதற்குத் திருத்தமும் செய்கிறார்கள். ஆக, நாள்தோறும் வரும் செலவுக்குக் கொடை வாங்கும் வழி அரசுக்குத் தெரியாததன்று. அதே அரசின் ஒரு துறை அதை வாங்கிக்கொள்கிறது, இன்னொரு துறை மதிப்பீடு இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. நமக்கு நாமே நெறிமுறையில் 'மதிப்பீட்டுத் தொகை' என்ற இடத்தில் ஐந்தாண்டு நடத்தும் செலவையும் சேர்க்கலாம் என்று ஒரு துணை விதி எழுத, சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. துறையின் அரசாணை ஒன்று போதும்.