உப்பளத்துப் பூச்சி டின்னுக்குள் போன கதை



ஏஞ்சல் மீன் வளர்த்த நமக்கெல்லாம் தெரியும். முட்டை பொரித்து நாலைந்து நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். வயிற்றிலிருந்த கருவும் அத்தோடு முடிந்துவிடும். தூள் தீனியைத் திரும்பியும் பார்க்காது, அசைவதைத்தான் கொத்தும். கொடுக்க ஒன்றுமில்லாவிட்டால் தொட்டியே வெறிச்சோடிப் போகும். அதனால்தான் ஆட்டீமியா டின்னுக்கு அவ்வளவு காசு கொடுக்கிறோம். அந்த டின் எங்கிருந்து வந்தது?

உப்பளத்திலிருந்துதான். 1755இல் ஷ்லொஸர் என்பவர் இங்கிலாந்தின் லிமிங்டன் உப்பளங்களில் இந்தச் சின்ன உயிரைக் கண்டு எழுதினார். மீன்குஞ்சுத் தீனியாக அது பேர் எடுக்க இன்னும் ஏறக்குறைய 180 வருடம் பிடித்தது. சான்பிரான்சிஸ்கோ ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகத்தில் இருந்த அல்வின் சீல் 1933இலும், நோர்வேயில் ரொலெஃப்சன் 1939இலும் அதை எழுதி வைத்தார்கள். காய்ந்த முட்டை வருடக்கணக்கில் கெடாது. உப்புத் தண்ணீரில் போட்டால் ஒரு நாளில் உயிருள்ள தீனி. இதைவிட வசதி வேறென்ன வேண்டும்! (பொரித்த கையோடு கொடுங்கள், பிந்தினால் சத்து குறையும். நன்னீரில் சில மணித்தியாலம்தான் தாங்கும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக. முட்டை ஓட்டைப் பிரித்துவிடுங்கள், குஞ்சின் குடலை அடைக்கும்.)

1950களில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியிலும் முட்டை அள்ளத் தொடங்கினார்கள். 1970களின் நடுவில் தட்டுப்பாடு வந்து விலை ஏறியது. 1976இல் ஜப்பானின் கியோட்டோவில் நடந்த மீன்வளர்ப்பு மாநாட்டில், பெல்ஜியத்தைச் சேர்ந்த பேராசிரியர் சோர்கெலூஸ், மற்ற நாட்டு உப்பளங்களிலும் இதை வளர்க்கலாம் என்றார். அடுத்த வருடமே பிரேசிலின் மக்காவ் உப்பளங்களில் விட்டார்கள். 1980களில் வியட்நாமின் வின் சாவ். அங்கே சாதாரண உப்பு விவசாயிகள், உப்பு விளைகிற அதே வயலில் முட்டையும் எடுத்து விற்கிறார்கள்.

நம் புத்தளம் உப்பளங்களிலும் ஆட்டீமியா உண்டு. ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். நம்முடையது ஆண் இல்லாமலே பெண் தனியாகப் பெருகும் இனம். உப்பு விலை விழுகிற வருடத்தில் உப்பளக்காரர் வீட்டு நிலைமை நமக்குப் புதிதல்ல. ஆனாலும் நாம் டின்னை வெளிநாட்டிலிருந்துதான் எடுக்கிறோம்.

உப்பளத்தில் வேலை செய்த நம் வாப்பாமார், அப்பாமார் இதை என்ன பேர் சொல்லி அழைத்தார்கள்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.