பழைய ஜீப்புக்கு 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? பேட்டரி மாட்டும் முன் கண்டுபிடிப்பது எப்படி?

அன்னூர், அவிநாசி பக்கம் தோட்டத்துச் சாளையில் பல வருஷமா ஓடாமல் நிற்கும் பழைய ஜீப்பை வாங்கினால், முதல் வேலை புது பேட்டரி மாட்டுவதுதான். ஆனால் வண்டி எத்தனை வோல்ட் என்று தெரியாமல் மாட்டினால் பல்பு, காயில், மீட்டர் எல்லாம் போய்விடும். ஒயர் சூடாகி உருகவும் வாய்ப்புண்டு.

ஏன் இந்தக் குழப்பம்?

இரண்டாம் உலகப்போர் காலத்தில், 1941 முதல் 1945 வரை தயாரான வில்லீஸ் எம்பி ஜீப் 6 வோல்ட். அதன் பிறகு 1950-களில் வந்த அமெரிக்க ராணுவ ஜீப் எம்38, 24 வோல்ட். பிற்கால மகேந்திரா ஜீப்கள் 12 வோல்ட். மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே முகஜாடை. 6 வோல்ட் வண்டியை 12-க்கு மாற்றி ஓட்டியவர்களும் உண்டு. அதனால் ஆர்சி புத்தகத்தில் உள்ள வருஷத்தை மட்டும் நம்ப முடியாது.

எங்கெங்கே பார்க்கணும்?

* பேட்டரி: மேலே உள்ள மூடிகளை எண்ணுங்க. ஒரு செல்லுக்கு சுமார் 2 வோல்ட். 3 மூடி என்றால் 6 வோல்ட், 6 மூடி என்றால் 12 வோல்ட்.

* இரண்டு 12 வோல்ட் பேட்டரி இருந்தால்: ஒன்றின் பிளஸ் மற்றதன் மைனஸோடு சேர்ந்திருந்தால் 24 வோல்ட். பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்றால் 12 வோல்ட்தான்.

* டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர்: உடம்பில் உள்ள பிளேட்டைத் துடைத்துப் பாருங்க, வோல்ட் பொறித்திருக்கும்.

* பல்பு: ஹெட்லைட், பின் லைட் பல்பைக் கழற்றினால் அடிப்பகுதியில் வோல்ட், வாட் இரண்டும் இருக்கும்.

பேட்டரியை மட்டும் நம்பலாமா?

கூடாது. கைக்குக் கிடைத்ததை யாரோ மாட்டி வைத்திருக்கலாம். டைனமோ, ரெகுலேட்டர், பல்பு மூன்றும் ஒரே எண்ணைச் சொன்னால்தான் முடிவுக்கு வரணும். இவை எல்லாம் 12 என்று இருந்து, செல்ஃப் மோட்டாரில் மட்டும் 6 என்று இருந்தால், அது 12-க்கு மாற்றிய வண்டியாக இருக்கலாம். மாற்றும்போது பழைய செல்ஃபை அப்படியே விட்டுவிடுவது வழக்கம்.

இன்ஜின் ஓடினால்?

வேலை சுலபம். மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வையுங்க. சார்ஜ் ஆகும்போது சுமார் 7 காட்டினால் 6 வோல்ட், 14 காட்டினால் 12 வோல்ட், 28 காட்டினால் 24 வோல்ட் சிஸ்டம்.

கடைசியாக ஒன்று

எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கு என்பதையும் பாருங்க. 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல லேண்ட் ரோவர்களில் பிளஸ்தான் எர்த். அங்கே மாற்றி மாட்டினால், வோல்ட் சரியாக இருந்தாலும் சேதம்தான். சந்தேகம் தீரலைன்னா, பேட்டரி கொடுக்கும் முன் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுவது நல்லது.