கைத்துப்பாக்கி வேண்டுவார்க்கு: ஆயுதச் சட்டம் 13(3) உரை

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் பதின்மூன்றாம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, தற்காப்பிற்குத் துப்பாக்கி வேண்டுவான் முதற்கண் ஓதி உணரத்தக்கது. ஜவ்வாது மலையில் சாமை விளைப்பார்க்கும் பயன்படுமாறு அதன் பொருள் ஈண்டுத் தமிழிற் பகுத்து உரைக்கப்படுகின்றது.

“உரிமம் வழங்கும் அதிகாரி அளித்தல் வேண்டும்”

அதிகாரி என்றது மாவட்ட ஆட்சியரை. ஜமுனாமரத்தூரார் திருவண்ணாமலை ஆட்சியரையும், புதூர்நாட்டார் திருப்பத்தூர் ஆட்சியரையும் அணுகுக. மலை ஒன்றாயினும் மாவட்டம் வேறு. ‘அளிக்கலாம்’ என்னாது ‘வேண்டும்’ என்றமையின், தகுதியுடையார்க்கு மறுத்தல் அவர் விருப்பின்பாற்பட்டதன்று. எனினும் இவ்விதி பதினான்காம் பிரிவிற்கு உட்பட்டது. பொது அமைதிக்கு ஊறு நேருமெனின் மறுக்கலாம். போதிய சொத்தில்லை என்பது ஒன்றே கொண்டு மறுத்தல் ஆகாது. எளியார்பால் நூல் வைத்த இவ்வருளை மாணாக்கன் மறவற்க.

“இந்தியக் குடிமகன்”

பெண்பாலையும் தழுவி நின்றது. 21 அகவை நிரம்பாதார் ஒன்பதாம் பிரிவால் விலக்கப்பட்டமையின் ஈண்டு அகவை கூறப்பட்டிலது.

“காப்பிற்கோ விளையாட்டிற்கோ, இருபது அங்குலத்திற்குக் குறையாத, வரியிலாக் குழல் துப்பாக்கி”

வரியிலாமை, குழலின் உட்புறம் சுருள்வரி வெட்டப்படாமை. இருபது அங்குலம் என்னும் எல்லை, மடியில் மறைத்தற்கு ஆகாத நீளத்தைக் குறித்தது. எனவே, காப்பென்றவுடன் சட்டம் முதற்கண் எண்ணியது பிறர் காணத் தோளில் தாங்கும் நெடுந்துப்பாக்கியையே என்பது பெறப்படும்.

“மெய்யாகவே பயிர்க் காப்பிற்கு, வாய்வழி மருந்திடும் துப்பாக்கி”

கருமருந்தும் ஈயக்குண்டும் குழல்வாயில் இட்டுக் கோலால் இடித்து வெடிக்கும், மலையார் நாட்டுத் துப்பாக்கி என வழங்கும் இனம். ‘மெய்யாகவே’ என்னும் அடை, பயிரைச் சொல்லி வேட்டைக்குப் பெறுதலை விலக்கிற்று. கொல்லையில் பன்றி இறங்கிய இரவின் துயர் பெரிது. எனினும் உரிமம் துப்பாக்கிக்கே உரியது, பன்றியைக் கொல்லுதற்கு அன்று. அதற்கு 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் வழி வேறு ஆணை வேண்டும்.

“பிறவிடத்து, தக்க காரணம் உண்டென அதிகாரி மனநிறைவு கொள்ளின்”

ரிவால்வரும் பிஸ்டலும் அடங்குமிடம் இதுவே. மேலைத் தொடரில் நோக்கம் கூறின் அமையும். ஈண்டுக் காரணம் மெய்ப்பிக்கப்படல் வேண்டும். ‘தக்க’ என்றமையான் பொதுவான அச்சம் போதாது. இன்னாரால், இவ்விடத்து, இன்ன தொழில் பற்றி வரும் இடர் எனக் காட்டுதலே தக்கது. ‘மனநிறைவு’ அதிகாரியினது, விண்ணப்பிப்பானது அன்று.

பெற்ற பின்னரும் தேர்வு விரிந்ததன்று. 9 மில்லிமீட்டர் விலக்கப்பட்ட துளையளவாதலின், குடிமக்கள் கொள்வது பெரும்பாலும் .32 ஆகும். பெண்கள் காப்பினைக் கருதிக் கான்பூர்த் தொழிற்சாலை 2014இல் வெளியிட்ட, ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள ‘நிர்பீக்’ ரிவால்வரும் அவ்வளவினதே. ரிவால்வர், பிஸ்டல் என்னும் இரு வகையுள் பயிற்சி குறைந்தார்க்கு ரிவால்வரே நன்று. உருளையைத் திறந்தவுடன் தோட்டா உளதா இலதா என்பது கண்ணாற் காணப்படும். பிஸ்டலில் தோட்டாக்கூட்டை உருவிய பின்னும் குழலறையில் ஒன்று எஞ்சி நிற்றல் கூடும். வீட்டு விபத்துகளுக்கு இஃது ஒரு காரணம்.

உரிமம் வைத்திருத்தற்கேயன்றிச் சுடுதற்கு அன்று. சுடும் உரிமை எங்ஙனம் பிறக்கும் என்பதைப் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டம் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் வரையறுத்தது. இடரின் அளவை மீறிய தீங்கு தற்காப்பு ஆகாது.

பாட்டன் விட்டுச் சென்ற நாட்டுத் துப்பாக்கி உரிமமின்றி இல்லத்தில் இருப்பின், இதனை ஓதியவர் அதனைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து விடுக. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி, உரிமமின்றி வைத்திருத்தற்குத் தண்டம் இரண்டு முதல் ஐந்தாண்டு வரைச் சிறை.