கலிங்கலோடு நின்ற ஆங்கிலம்

'கானிகோபோலி' என்று ஒரு ஆங்கிலச் சொல் புழங்கிய காலம் உண்டு. ஏதோ கிரேக்க நகரத்தின் பெயர்போல ஒலித்தாலும் அது நம்முடைய கணக்கப்பிள்ளைதான். 'கலிங்குலா' என்பது ஏரியின் கலிங்கல். ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் தொகுத்து 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் இரண்டும் இருக்கின்றன. இன்றைய லண்டன்காரருக்கு இரண்டும் புரியாது. இவற்றைப் பட்டியல் போட்டு, ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த கொடை என்று மகிழ்வது நம் வழக்கம். அந்த மகிழ்ச்சியால் வரலாறு ஒன்றும் தெளிவதில்லை. எந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் புலப்படும். பள்ளிக்கரணை அதற்கு நல்ல சாட்சி.

சென்னைக்குத் தெற்கே உள்ள இந்தப் பகுதி, ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763-ல் கம்பெனிக்குக் கொடுத்த செங்கல்பட்டு ஜாகீரைச் சேர்ந்தது. தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை அதன் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். வெள்ளைக்காரர் நம் மண்ணை அறிந்துகொண்டது பெரும்பாலும் இப்படித்தான், வரி வழியாக. ஏரி நிரம்பினால் நெல் விளையும், நெல் விளைந்தால் தீர்வை வரும். ஆகவே ஏரியின் உறுப்புகளை நுணுக்கமாகக் கற்றார்கள். கலிங்கலையே பாருங்கள். மிகுநீர் வழிந்தோடக் கட்டிய கல் மேடை அது. பல கலிங்கல்களின் தலையில் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருக்கும். பெருமழை ஓய்ந்தபின் கல்லுக்குக் கல் உள்ள இடைவெளியை மண்ணும் புல்லும் வைத்து அடைத்தால், இன்னும் கொஞ்சம் நீர் தேங்கும். அந்தக் கொஞ்ச நீர் வாடும் பயிரைக் காப்பாற்றும். இவ்வளவு வேலை செய்யும் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் பொருத்தமான சொல் கிடைக்கவில்லையோ என்னவோ, நம் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

கலிங்கலைத் தாண்டிய நீர் அடுத்த ஏரிக்குப் போகும்வரை கணக்கில் உண்டு. கடைசி ஏரியையும் தாண்டினால்? தாம்பரம், வேளச்சேரி வட்டாரத்து ஏரிகள் பலவற்றின் மிகுநீர் பள்ளிக்கரணையில் வந்து பரவி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயைச் சேர்ந்து, கோவளத்தில் கடலில் கலக்கிறது. அந்த நீர்வெளியை ஊரார் கழுவெளி என்றார்கள். அங்கே தீர்வை போட ஒன்றும் விளையவில்லை. கலிங்கல் ஏறிய ஆங்கிலத்தில் கழுவெளி நிலைபெறவில்லை. அதன்மேல் பொதுவாக ஒட்டிய பெயர் 'போரம்போக்'.

அகராதி வேறு, வருவாய்ப் பதிவேடு வேறு, சுருட்டும் மிளகுத்தண்ணியும்கூடத்தான் ஆங்கிலத்துக்குப் போயின என்று கேட்கலாம். சாப்பாட்டுச் சொற்கள் சமையலறை வழியாகப் போயின, உண்மை. நிலத்தைப் பற்றிய சொற்கள் பெரும்பாலும் கச்சேரி வழியாகத்தான் போயின. எச்.எச். வில்சன் 1855-ல் வெளியிட்ட பெரிய சொற்தொகுதியின் தலைப்பே நீதி, வருவாய்த்துறைச் சொற்கள் என்றுதான் சொல்கிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. விளைநிலத்தையும் மற்ற நிலத்தையும் பிரித்தது வெள்ளைக்காரனா? இல்லை. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளே ஒவ்வொரு ஊரிலும் நத்தம், குளம், வாய்க்கால், சேரி, சுடுகாடு ஆகியவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வரி குறிக்கின்றன. ஆனால் அங்கே கழித்தவை இன்னின்னவை என்று பெயர் சொல்லிக் கழிக்கப்பட்டன. அவை வீண் நிலம் அல்ல, ஊர் வாழத் தேவையானவை. புறம்போக்கு என்ற தலைப்பில் பதிவேடு அவற்றை ஒன்றாகக் கூட்டியபோது, சர்க்கார் பார்வையில் அது சும்மா கிடக்கும் இடமாயிற்று. பிற்பாடு தமிழிலேயே அது ஆளைத் திட்டும் சொல்லாகிவிட்டது. ஆங்கிலத்திலிருந்து திரும்பி வந்த அவமானம் என்று இதை நிரூபிக்க முடியாது. எனக்குச் சந்தேகம் மட்டும் உண்டு.

சொல்லா பள்ளிக்கரணைச் சதுப்பை அழித்தது, குப்பையும் மனை வியாபாரமும் அல்லவா என்பாரும் உண்டு. அழித்தவை அவைதான். ஆனால் பெருங்குடிக் குப்பைமேட்டுக்கு இடம் தேடியவர்கள் நஞ்சை வயலில் கைவைக்கவில்லை. பட்டா இல்லாத இடத்துக்குத்தான் வந்தார்கள். கல்வி நிறுவனங்களும் அலுவலக வளாகங்களும் சாலைகளும் அதே வழியில் வந்தன. ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் நீர்வெளி சில நூறு ஹெக்டேராகச் சுருங்கியது. 2007-ல் அதில் 317 ஹெக்டேரைக் காக்க முன்வந்த அரசு, 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் வழியாகத்தான் அதைச் செய்தது. ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்வதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, நாணலும் நீர்க்கோழியும் நிறைந்த அந்தத் தண்ணீர் 'காப்புக்காடு' ஆகிவிட்டது.