கைதானால் மாஜிஸ்திரேட்டிடம் வாய் திறந்து பேசுங்கள்

2020 ஜூன் 19 அன்று ஊரடங்கில் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜை சாத்தான்குளம் போலீஸார் பிடித்துச் சென்றனர். விசாரிக்கப் போன மகன் பென்னிக்ஸும் உள்ளே அடைக்கப்பட்டார். இரவு முழுவதும் அடித்ததாக சிபிஐ குற்றப்பத்திரிகை சொல்கிறது. எஃப்ஐஆரிலோ, தரையில் உருண்டதால் உள்காயம் என்று எழுதினார்கள்! மறுநாள் ரிமாண்ட் ஆகி, நம் சாத்தூருக்குப் பக்கத்திலுள்ள கோவில்பட்டி கிளைச் சிறைக்கு வந்த இருவரும் சில நாட்களில் அடுத்தடுத்து இறந்தனர்.

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது வெறும் சடங்கு அல்ல. போலீஸ் அல்லாத ஓர் அதிகாரியிடம் நீங்கள் பேசும் வாய்ப்பு அது. அடித்தார்களா என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், காயத்தைக் காட்டுங்கள். சொல்லக்கூடாது என்று மிரட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அதற்கு முன் பரிசோதிக்கும் டாக்டரிடமும் பயந்துபோய் 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடாதீர்கள்.

ஸ்டேஷனில் திமிறவோ வாக்குவாதம் செய்யவோ வேண்டாம், அதுவே இன்னொரு வழக்காகிவிடும். கைதுக்கான காரணத்தைக் கேளுங்கள். வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். கைதுக் குறிப்பில் தேதி, நேரம் சரியா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து போடவே கூடாது. வக்கீல் வைக்க வசதியில்லாத குடும்பத்தார் இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம்.