வீட்டு வைஃபைக்குப் பூட்டு வந்த வரலாறு

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே போகும் பாசஞ்சர் ரயில் அமரவிளையில் நின்று, அடுத்து தனுவச்சபுரத்தில் நிற்கும். அதற்கடுத்தது பாறசாலை. அதோடு கேரளம் முடிந்து, களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்கிவிடும். வேலுத்தம்பி தளவாயின் நினைவாக 1964இல் தொடங்கிய என்.எஸ்.எஸ். கல்லூரி, ஓர் அரசு ஐ.டி.ஐ., ரப்பரும் தென்னையும் நிற்கும் தோட்டங்கள், அவற்றினிடையே தள்ளித் தள்ளி அமைந்த வீடுகள். இதுதான் தனுவச்சபுரம். மின்கம்பங்களைப் பிடித்துக்கொண்டு வந்த ஃபைபர் கேபிள் இந்த வீடுகளுக்குள்ளும் நுழைந்தாயிற்று. உலகமெங்கும் செல்போன் சர்வீஸ் கடைகள் கேட்டுப் பழகிய புகாரும் கூடவே வந்துவிட்டது: "நேத்து வரைக்கும் தானா கனெக்ட் ஆச்சு, இன்னைக்கு மறுபடியும் பாஸ்வேர்டு கேக்குது."

போனுக்கு மறதி வந்துவிட்டது என்று முடிவுகட்டுவது எளிது. உண்மையில் போன் மறப்பது அபூர்வம். போனுக்கும் மோடத்துக்கும் இடையே உள்ள பொருத்தம் எங்கோ பிசகியிருக்கும். போன் அதைப் புரிந்துகொள்ளத் தெரியாமல் பாஸ்வேர்டைக் கேட்கிறது. அந்தப் பொருத்தம் ஏன் இப்படி அமைந்தது, வீட்டு அலைவரிசைக்கு ஏன் பூட்டு தேவைப்பட்டது என்பதற்கெல்லாம் நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

எல்லையில் இரண்டு எண்கள்

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரின் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. தொலைபேசித் துறையும் இந்த எல்லைக்கோட்டை ஒட்டியே தன் வட்டங்களைப் பிரித்துக்கொண்டது. பாறசாலைப் பக்கத்துக்குத் திருவனந்தபுரத்தின் எஸ்.டி.டி. குறியீடான 0471; எல்லைக்கு அந்தப் பக்கம் குழித்துறையின் 04651. அக்கரையிலிருக்கும் மாமா வீட்டுக்குச் சைக்கிளில் போய்விடலாம், போன் போட்டால் வெளிமாநில அழைப்பு.

கிராமங்களுக்குப் போன் பரவக் காரணமாக இருந்தவற்றில் முக்கியமானது, 1984இல் சாம் பிட்ரோடாவின் முன்முயற்சியில் உருவான சி-டாட் நிறுவனம். அது வடிவமைத்த 128 முனைகள் கொண்ட கிராமத் தொலைபேசி நிலையம் 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலில் இயங்கியது. ஏசி அறை இல்லாமலே இந்திய வெயிலையும் தூசியையும் தாங்கும்படி செய்யப்பட்ட கருவி அது. அதன் வழியே ஊர்தோறும் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தன. அன்றைக்கு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது எண்களை மட்டுமே. சட்டைப்பையில் ஒரு சிறு டைரி இருந்தால் போதும், யாரையும் அழைக்கலாம்.

கேரளத்தின் முதல் செல்போன் அழைப்பு 1996 செப்டம்பரில் கொச்சியில் நடந்தது. பேசியவர் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை. செல்போன் பரவப் பரவ, எல்லையோர மக்களுக்கு ஒரு புதுச் சிக்கல் வந்தது. வீட்டின் தெற்கு அறைக்குப் போனால் போன் தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடித்துவிடும், ரோமிங் கட்டணம் ஏறும். செட்டிங்ஸுக்குள் போய் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வைப்பதுதான் அதற்கு வழி. 2015 ஜூனில் பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் வரும் அழைப்புகளை இலவசமாக்கிய பிறகே அந்தக் கவலை குறையத் தொடங்கியது. போன் தானாக ஒரு நெட்வொர்க்கை விட்டு இன்னொன்றுக்குத் தாவும் என்ற பாடத்தை இந்த ஊர்க்காரர்கள் வைஃபை வருவதற்கு முன்பே படித்துவிட்டார்கள்.

கல்லாப்பெட்டியில் பிறந்த அலை

வைஃபையின் தொடக்கம் கடைகளின் பில் போடும் இயந்திரங்களில் இருக்கிறது. 1985இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. என்.சி.ஆர். நிறுவனத்தின் நெதர்லாந்துப் பொறியாளர்கள், கடைக்குள் கல்லா இயந்திரங்களைக் கம்பியில்லாமல் இணைக்க அந்த அலைவரிசையைக் கையில் எடுத்தார்கள். அவர்களில் ஒருவரான விக் ஹேஸ் தலைமையேற்ற குழு, 1997இல் 802.11 என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட். வைஃபை என்ற பெயர் 1999இல் வந்தது.

கம்பி சுவருக்குள் நிற்கும். அலை சுவரைத் தாண்டித் தெருவுக்கும் போகும். ஆகவே 1997ஆம் ஆண்டுத் தரத்திலேயே டபிள்யூ.இ.பி. என்ற பூட்டை வைத்தார்கள். அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளால் அதன் சாவி 40 பிட்டாகக் குறுகியிருந்தது. 2001இல் ஃப்ளூரர், மாண்டின், ஷமீர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், அந்தப் பூட்டின் உள்ளமைப்பே பலவீனமானது என்று நிறுவினார்கள். சாவியை நீட்டினாலும் பயனில்லை என்று தெரிந்தபின், 2003இல் டபிள்யூ.பி.ஏ.வும் 2004இல் டபிள்யூ.பி.ஏ.2வும் வந்தன. இன்றும் பெரும்பாலான வீட்டு மோடங்களில் ஓடுவது இரண்டாவதுதான்.

இந்தியாவில் 2005 ஜனவரி ஒரு திருப்புமுனை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று அரசு அறிவித்தது. அதே மாதத்தில் பி.எஸ்.என்.எல். தன் பிராட்பேண்டைத் தொடங்கியது. அப்போது பிராட்பேண்ட் என்று சொல்ல 256 கிலோபிட் வேகம் போதும். பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியிலேயே அது வந்தது; மழைக்காலத்தில் இணைப்பு அறுபடும், துலா மாத இடிமின்னலில் மோடம் கருகும்.

அந்த நாட்களில் பல வீடுகளில் வைஃபைக்குப் பாஸ்வேர்டே கிடையாது. பெட்டியை வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்று இருந்தார்கள். அந்தப் பழக்கத்தை மாற்றியது 2008 ஜூலை 26. அகமதாபாத்தில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன் ஊடகங்களுக்கு வந்த மின்னஞ்சலின் தடத்தைப் பின்பற்றிய போலீசார், நவி மும்பையில் ஒரு வீட்டைச் சென்றடைந்தார்கள். அந்த வீட்டுக்காரருக்கும் மின்னஞ்சலுக்கும் தொடர்பில்லை. பூட்டாமல் கிடந்த அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். மும்பை போலீசார் திறந்த வைஃபையைத் தேடி ரோந்து போகப்போவதாக அறிவித்தார்கள். 2009 பிப்ரவரியில், வாடிக்கையாளர்களின் வைஃபை பாதுகாப்பில்லாமல் இயங்கக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. இந்திய வீடுகளில் வைஃபை பாஸ்வேர்டு கட்டாயப் பழக்கமானதற்குப் பின்னால் இந்தத் துயரமும் இருக்கிறது.

போன் எதை நினைவில் வைக்கிறது?

டபிள்யூ.பி.ஏ.2 முறையில் பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். பாஸ்வேர்டு அப்படியே காற்றில் போவதில்லை. வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் சேர்த்து, 4,096 முறை கணக்கிட்டு, 256 பிட் சாவி ஒன்று உருவாகிறது. போனிலும் மோடத்திலும் ஒரே சாவி இருக்கிறதா என்பதை நான்கு சிறு செய்திகளின் பரிமாற்றத்தில் இரண்டும் சரிபார்த்துக்கொள்கின்றன. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் சாவி வேறாகிவிடும். பெயரின் முன்னெழுத்து பெரிதா சிறிதா என்பதும் கணக்கில் வரும். "பாஸ்வேர்டு அதேதான், ஆனா போன் எடுக்க மாட்டேங்குது" என்று குழம்பும் வீடுகளில், மோடத்தை ரீசெட் செய்தபோது பெயர் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

அந்த நான்கு செய்திகளில் ஒன்று திரும்பத் திரும்ப வழியில் தொலைந்தாலும் இணைப்பு நடக்காது. தொலைந்த காரணம் தவறான பாஸ்வேர்டா, தடித்த செங்கல் சுவரா, மின்னழுத்தக் குறைவில் தள்ளாடும் அடாப்டரா என்று போனுக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டில் இந்த வேலையைச் செய்யும் மென்பொருளே, சாவி தவறாக இருக்கக்கூடும் என்று சந்தேகத்தோடுதான் குறித்துக்கொள்கிறது. திரையில் வரும்போது அந்தச் சந்தேகம் கரைந்து, பாஸ்வேர்டு தவறு என்ற தீர்ப்பாகிவிடுகிறது. கடைசி அறையில், ரேஞ்ச் குறைந்த இடத்தில் மட்டும் போன் பாஸ்வேர்டு கேட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

போன் உண்மையிலேயே மறந்த காலமும் உண்டு. 2013, 2014 வாக்கில் வந்த சாம்சங் கேலக்ஸி போன்கள் சில, வைஃபை பாஸ்வேர்டுகளைப் பாதுகாப்புப் பெட்டகம் ஒன்றில் பூட்டி வைத்தன. ஆர்வலர்கள் போனை ரூட் செய்து (முழுக் கட்டுப்பாட்டையும் தாங்களே எடுத்து), இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை மாற்றி ஏற்றியதும் பெட்டகத்தைத் திறக்க முடியாமல் போயிற்று. ஒவ்வொரு முறை ஆஃப் செய்து ஆன் செய்யும்போதும் பாஸ்வேர்டு காணாமல் போனது. போனின் சிஸ்டம் கோப்பு ஒன்றில், பாதுகாப்புப் பெட்டகம் உண்டு என்று சொல்லும் ஒற்றை வரியை இல்லை என்று மாற்றியதும் போனுக்கு நினைவு திரும்பியது. 2021இல் ஐபோனில் இன்னொரு விசித்திரம்: சதவீதக் குறிகள் நிறைந்த பெயர் கொண்ட ஒரு வைஃபையோடு சேர்ந்தால் போனின் வைஃபையே முடங்கியது. நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்தால்தான் மீண்டது. ஆப்பிள் சீக்கிரமே அதைச் சரிசெய்தது.

அண்மைக் காலச் சிக்கல் ஒன்றுக்குக் காரணம், ஒரு நல்ல மாற்றம். முன்பு ஒவ்வொரு போனும் தன் நிரந்தர அடையாள எண்ணான மேக் முகவரியைச் சொல்லித்தான் மோடத்தை அணுகும். அதை வைத்து ஆளைப் பின்தொடர முடிந்ததால், 2019இல் ஆண்ட்ராய்டு 10, ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனிப் பொய் முகவரியைக் காட்டத் தொடங்கியது. 2020இல் ஐபோனும் அதே வழிக்கு வந்தது. குழந்தைகளின் போனைக் கட்டுப்படுத்தவோ அக்கம்பக்கத்தாரைத் தடுக்கவோ மோடத்தில் மேக் பட்டியல் வைத்திருந்த வீடுகளில், பழகிய போன் திடீரென அந்நியமானது. அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் போனின் உண்மையான மேக் முகவரியைப் பயன்படுத்தும்படி மாற்றினால் சிக்கல் தீரும்.

வீட்டில் பார்க்க வேண்டியவை

2020 ஜூன் 1 அன்று கேரளத்தில் ஃபர்ஸ்ட் பெல் என்ற பெயரில் இணையவழி, தொலைக்காட்சி வகுப்புகள் தொடங்கியபோது, வீட்டு இணையம் பள்ளிக்கூடத்தின் ஒரு பகுதியானது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில், கல்லூரி விடுதியில் செல்போன் தடைக்கு எதிராக மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2023 ஜூன் 5 அன்று மாநில அரசின் கே-ஃபோன் ஃபைபர் வலையும் தொடங்கப்பட்டது. தேர்வுக்கு முந்தைய இரவில் வைஃபை பாஸ்வேர்டு கேட்டு நிற்கும் போன் இன்றைக்குச் சிறிய தொல்லை என்று சொல்ல முடியாது.

முதலில் வீட்டிலுள்ள மற்ற போன்களைப் பார்க்க வேண்டும். எல்லாப் போனும் கேட்டால் மோடத்தில்தான் கோளாறு: அது தானாக ரீசெட் ஆகியிருக்கும் அல்லது அடாப்டர் பலவீனமாகியிருக்கும். ஒரு போன் மட்டும் கேட்டால், அதில் அந்த வைஃபையை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கலாம். பாஸ்வேர்டுகளை ஆப்பிள் சாதனங்களுக்கிடையே பகிரும் ஐகிளவுட் கீசெயின் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்; ஐபோனில் நீக்கினால் அதே கணக்கிலுள்ள ஐபேடிலிருந்தும் நீங்கும். பழைய போன் புது மோடத்தோடு முரண்டு பிடித்தால், மோடத்தில் டபிள்யூ.பி.ஏ.2, அதற்கு அடுத்த தலைமுறையான டபிள்யூ.பி.ஏ.3 இரண்டும் கலந்த அமைப்பை டபிள்யூ.பி.ஏ.2 மட்டும் என்று மாற்றிப் பார்க்கலாம். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர் இருந்து போன் மாறி மாறித் தாவினால் தனித்தனிப் பெயர் வைக்கலாம். வைஃபை சேர்ந்த பின்பும் இணையம் வராவிட்டால், பல போன்கள் அதை ஒதுக்கிவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவும். அப்போது பாஸ்வேர்டில் பிழை இல்லை, வெளியிலிருந்து வரும் லைன்தான் படுத்திருக்கிறது. நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட் கடைசி மருந்தாக இருக்கட்டும். சேமித்த எல்லா வைஃபையும், பல போன்களில் புளூடூத் இணைப்புகளும் அதில் போய்விடும்.

தடுக்கும் வழி கேபிள்காரர் கையிலும் இருக்கிறது. கெட்டுப்போன மோடத்தை மாற்ற வருகிறவர், புதுப் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பெயரையும் எண்களையும் அப்படியே விட்டுப் போனால், வீட்டிலுள்ள ஒவ்வொரு போனும் டிவியும் கேமராவும் புதிதாகக் கேட்கும். சாவி உருவாவது பெயரிலும் பாஸ்வேர்டிலும் இருந்துதான். எந்தக் கம்பெனிப் பெட்டி என்பது அந்தக் கணக்கில் வராது. பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு, பழைய பாதுகாப்பு முறை மூன்றையும் எழுத்துப் பிசகாமல் புதுப் பெட்டியில் ஏற்றிவிட்டால் போதும். மேக் பட்டியல் போன்ற தனிக் கட்டுப்பாடு இல்லாத வீட்டில், பெட்டி மாறியதையே போன்கள் உணராமல் தானாக இணைந்துகொள்ளும். ஐந்து நிமிட வேலை. வீட்டுக்காரர்கள் அதை வாயைத் திறந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி மின்சார பில் இருக்கும் கோப்பிலேயே வைத்திருந்தால் அவருக்கும் வேலை சுலபம்.