மாணவர் நிறுவனம்

மாணவர் நிறுவனம் என்பது உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் தாமே தொடங்கி, சில மாதங்கள் நடத்தி, கணக்கு முடித்துக் கலைக்கும் சிறு வணிக அமைப்பு. மாணவர்கள் குறைந்த விலையில் பங்குகளை விற்று முதல் திரட்டுவர். தலைவர், பொருளாளர், விற்பனைப் பொறுப்பாளர் ஆகியோரைத் தேர்ந்தெடுப்பர். ஒரு பொருளைச் செய்து விற்பர். முடிவில், லாபமோ நட்டமோ, பங்குதாரர்களிடம் கணக்கு ஒப்படைக்கப்படும். கைத்தொழில் கற்பதைவிட முதல், விலை, பொறுப்பு ஆகியவற்றைக் கையாளக் கற்பதே இதன் நோக்கம்.

தோற்றமும் பரவலும்

1919-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் காகித ஆலை அதிபர் ஹொரேஸ் மோசஸ், தொலைபேசி நிறுவனத் தலைவர் தியோடர் வெயில், முன்னாள் செனட்டர் மர்ரே கிரேன் ஆகியோர் இம்முறைக்கு வித்திட்டனர். கிராமத்து இளைஞர் நகரங்களை நோக்கிப் பெயர்ந்த காலம் அது. பள்ளி நேரத்துக்குப் பிந்தைய மன்றங்களாகத் தொடங்கிய இம்முயற்சி ‘ஜூனியர் அச்சீவ்மென்ட்’ என்ற பெயரில் வளர்ந்தது. பிரிட்டனில் வங்கியாளர் வால்டர் சாலமன் 1962-இல் ‘யங் என்டர்பிரைஸ்’ அமைப்பை நிறுவினார்.

இந்தியாவில்

1937-இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, மாணவர் செய்யும் கைப்பொருளின் வருவாயால் பள்ளிச் செலவின் ஒரு பகுதியை ஈடுசெய்யலாம் என்றது. பள்ளிக்குள் உற்பத்தியைக் கொண்டுவந்தாலும், பங்கு, சந்தை, லாபம் ஆகியவை அதன் பாடமாக இல்லை. டெல்லி அரசு 2019-இல் தொழில்முனைவு மனப்பாங்குப் பாடத்திட்டத்தைத் தொடங்கியது. 2021-இல் வந்த ‘பிசினஸ் பிளாஸ்டர்ஸ்’ திட்டத்தில் 11, 12-ஆம் வகுப்பு மாணவருக்குத் தலா 2,000 ரூபாய் தொடக்க முதலாகத் தரப்பட்டது.

18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது. இதனால் பள்ளியோ, துணைநிற்கும் அமைப்போ பொறுப்பேற்க, மாணவர் நிறுவனம் பெரும்பாலும் பதிவு பெறாத பயிற்சி அமைப்பாகவே இயங்குகிறது.

தமிழ்நாட்டில்

பள்ளியையும் தொழிலையும் இணைக்கும் பேச்சுக்குத் தமிழ்நாட்டில் கசப்பான முன்வரலாறு உண்டு. 1953-இல் ராஜாஜி அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோர் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்ட இத்திட்டத்தை 1954-இல் காமராசர் அரசு கைவிட்டது. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்தது. அது வேலைத்திறனை நோக்கியதாக இருந்தது.

தொழில்முனைவு இதற்குப் பின்னரே தனிப் பாதையாக உருப்பெற்றது. 2001-இல் அமைந்த தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், யுனிசெஃப், பள்ளிக்கல்வித் துறை ஆகியவற்றுடன் இணைந்து பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டத்தை நடத்துகிறது. ஆசிரியர் வழிகாட்ட, மாணவர் குழுக்கள் தம் ஊர்ச் சிக்கல் ஒன்றுக்குத் தீர்வு வடிவமைக்கின்றன. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் உயர்கல்வி, வேலைத்திறன் வழிகாட்டலை அளிக்கிறது. இவை நிறுவனத்தை நடத்துவதைவிட, யோசனையையும் வழிகாட்டலையும் முதன்மைப்படுத்துபவை.

கள்ளக்குறிச்சியும் கல்வராயன்மலையும்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து 2019 நவம்பர் 26 அன்று பிரிந்த கள்ளக்குறிச்சிக்குத் தொழில்முனைவுக் கல்வி மேற்கண்ட மாநிலத் திட்டங்களின் வழியே வருகிறது. சமவெளியில் கரும்பும் மரவள்ளியும், அவற்றைச் சார்ந்த சர்க்கரை ஆலைகளும் ஜவ்வரிசித் தொழிலும் உண்டு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது.

இம்மாவட்டத்தின் மலைப்பகுதியான கல்வராயன்மலையின் வரலாறு வேறு. மூன்று ஜாகீர்தார்களின் பிடியிலிருந்த இப்பகுதி 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் இங்கு அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் கல்வியளிக்கின்றன. சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய், தேன், புளி ஆகியவை மலையின் விளைபொருள்கள். சிறு வனப்பொருள்களின் மீது பழங்குடியினருக்குள்ள உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்கிறது.

உரிமை கிடைத்தாலும் விலையை நிர்ணயிக்கும் இடம் கீழே சந்தையில்தான் இருக்கிறது. மாணவர் நிறுவன முறைக்கும் குலக்கல்விக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே தெளிவாகக் காணலாம். கடுக்காய் பொறுக்கவோ உளி பிடிக்கவோ பிள்ளைகளுக்குப் பள்ளி கற்பிக்க வேண்டியதில்லை. அப்பொருளுக்கு அடக்க விலை கணக்கிடவும், விற்பனை விலை வைக்கவும், வரவுசெலவைப் பிறர் முன் காட்டவும் கற்பிப்பதே இம்முறையின் பணி. பெற்றோரின் தொழிலையே தொடரும் கட்டாயம் மாணவருக்கு இதில் இல்லை.